மேட்டில் ஏறிய சாக்கடை

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடையை மேட்டைப் பார்த்து ஓடும்படி போட்டார்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. குழாயைப் புதைத்து, அதன்மேல் சிமெண்ட் ரோடு போட்டு, ரோட்டின்மேல் பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டித் திறந்தும் வைத்தார்கள். ஏழு இஞ்சு மேடு. அந்த ஏழு இஞ்சை அவர்கள் வாயால் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எங்கள் வீட்டுக்குள் எதெல்லாம் வரக்கூடாதோ அதெல்லாம் வந்துபோய்விட்டது.

போடியிலிருந்து தேவாரம் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பெயர் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஆபீசு, எந்த அதிகாரி என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊரின் கடைசித் தெரு எங்கள் தெரு. ஐம்பது வீடு இருக்கும். பாதிக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். காலை ஐந்தரைக்கு ஜீப்பு வந்து நிற்கும். தூக்குச்சட்டியும் தார்ப்பாய்ப் பையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளப் பக்கம் போய் வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு மேல் இறங்குவார்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுவது என் வீட்டுக்காரர். நான் போடியில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறேன்.

தோட்டத்திலிருந்து இறங்குகிற பெண்களைப் பார்த்திருந்தால்தான் தண்ணீர் என்றால் என்ன என்று தெரியும். காலெல்லாம் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் காய்ந்து இருக்கும். செடிக்கு அடித்த மருந்து சேலையில் ஏறியிருக்கும். அந்தச் சேலையோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது. வந்ததும் குளித்தாக வேண்டும். ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அதுவும் பகல் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் தெருவில் யார் இருக்கிறார்கள்? அழுத்தம் இல்லாத குழாய் என்பதால் எல்லா வீட்டு வாசலிலும் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருந்தோம். பள்ளத்துக்குள் குனிந்து குடத்தை நீட்டினால் நூல் மாதிரி ஒழுகும்.

அதனால் புதுத் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. குடிநீருக்குப் புதுக் குழாய், புது மேல்நிலைத் தொட்டி, கூடவே பாதாளச் சாக்கடை. திறந்த சாக்கடை இருக்காது, கொசு இருக்காது என்றார்கள். யார் வேண்டாம் என்பார்கள்?

கணக்கெடுக்க இரண்டு பேர் வந்த அன்று எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகாமல் படுத்திருந்தேன். எதிர்வரிசையில் ஒவ்வொரு வீடாகப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பெரிய செல்லில் எதையோ தட்டிக்கொண்டு வந்தார்கள். எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"என்ன எழுதுறீங்க?" என்றேன்.

"வீடு பூட்டியிருக்கு. ஆட்சேபணை இல்லைன்னு போட்டுட்டுப் போறோம்" என்றார் ஒருவர்.

"எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்தா அம்புட்டுப் பேரும் இருப்பாங்களே."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவும்மா."

அதோடு சரி. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்ததாம். ஒரு புதன்கிழமை காலையில். எங்கள் தெருவிலிருந்து யாரும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் மலைமேல் ஏலச்செடிக்கு அடியில் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பொக்லைன் வந்தது. தெருவை மேலிருந்து கீழ்வரை பிளந்து போட்டார்கள். ஒரே பள்ளத்தில் ஒரு ஓரம் சாக்கடைக் குழாய், இன்னொரு ஓரம் கொஞ்சம் உயரத்தில் குடிநீர்க் குழாய். நாங்கள் பலகை போட்டு வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தோம். நான்கு மாதம் அப்படிப் போனது. ஜீப்பு மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். இருபது வருஷமாகக் கொத்தனார்களோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர். கலவை போடுவார், செங்கல் சுமப்பார், பேருக்குத்தான் சித்தாள். சுவரைக் கண்ணால் பார்த்தே தூக்குக்குண்டு நூலிலிருந்து எங்கே விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கொத்தனார்கள் அவரைக் கேட்டுக்கொண்டுதான் நூல் கட்டுவார்கள். ஆனால் கூலி மட்டும் சித்தாள் கூலிதான்.

தெருவின் கீழ்க்கோடியில் குழாய் போடும்போது ஒரு பாறை வந்தது. பொக்லைன் பல்லால் தட்டிப் பார்த்தார்கள். டங்கு டங்கு என்று சத்தம் கேட்டதே தவிர அசையவில்லை. உடைக்க வேறு மெஷின் வர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாவது நாள் சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வரும்போது, குழாயைப் பாறைக்கு மேலேயே ஏற்றி வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். நானும் அந்நேரம் பஸ்சு இறங்கி வந்துகொண்டிருந்தேன்.

"ஏ அப்பு, இது தூக்கிக்கிட்டு நிக்குதே. மட்டம் பாத்தியளா?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி சிரித்தார். "மட்டமெல்லாம் மெஷின் வச்சுப் பாத்தாச்சுக்கா. நீ போயி உன் சோலியப் பாரு."

"பாறைய ஒடைக்காம மேல தூக்கி வச்சா அங்கிட்டு இருந்து வர்ற தண்ணி எப்பிடிப்பா இங்கிட்டு ஏறும்?"

"அதெல்லாம் பிரஷர்ல போயிரும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாக்கடைக்கு என்னத்த பிரஷரு?" என்றார். அதற்குள் மண் மூடிவிட்டது. மறுவாரம் சிமெண்ட் ரோடும் போட்டுவிட்டார்கள். அவ்வளவு வேகமாக எங்கள் தெருவில் அதற்கு முன் எந்த வேலையும் நடந்ததில்லை.

அடுத்து நோட்டீஸ் வந்தது. எல்லா வீடும் இணைப்பு வாங்க வேண்டும். பழைய செப்டிக் டேங்கை மண் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம். கட்டச் சொன்னதைக் கட்டினோம், மூடச் சொன்னதை மூடினோம். என் வீட்டுக்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்து டேங்கை நிரப்பினார். "இனி இந்தத் தொல்லையே இல்ல" என்று அன்றைக்குக் கைகழுவிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அரசாங்கம் சொன்னதை நம்பினார்.

திறப்பு விழாவுக்குத் தெருவைக் கழுவி விட்டார்கள். அந்தத் தண்ணீரை லாரியில் கொண்டுவந்தார்கள்.

ஐப்பசி அடைமழை பிடித்த இரண்டாம் நாள் விடிகாலை. வீட்டுக்காரர் ஜீப்பு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் நாத்தனார் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். தாயும் பிள்ளையும் உள்ரூமில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். கக்கூசுக்குள் குளுக் குளுக் என்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். பீங்கான் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. எங்களுடையது மட்டும் இல்லை. தெருவுடையது மொத்தமும். தெருவிலேயே ரோட்டு மட்டத்துக்குக் கீழே தரை இருக்கிற வீடு எங்கள் வீடு.

"ஏங்க, வெரசா வாங்க" என்று கத்தினேன். அவர் சாக்கை எடுத்து அமுக்கினார். அடைக்க முடியுமா அதை? வாசப்படி தாண்டி நடைக்கு வந்து, உள்ரூமுக்குத் திரும்பியது. நான் பிள்ளையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டேன். நாத்தனார் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்து, கணுக்கால் நனைய அதற்குள்ளேயே நடந்து வெளியே வந்தாள். பச்சை உடம்புக்காரி. வெளியே மழை. அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "இங்கிட்டுக் கொண்டா பிள்ளைய" என்று வாங்கித் தன் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார். நாத்தனார் அக்கா வீட்டுத் திண்டில் உட்கார்ந்து காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அவளைச் சிலமலையில் இருக்கிற அவள் மாமியார் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். தாய்வீடு என்று வந்தவளைச் சாக்கடை நாற்றத்தோடு அனுப்பினோம். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகு மழை பெய்தால் மட்டும் என்றில்லை, மழை இல்லாத நாளிலும் வந்தது. சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் இறங்கி எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்தால் எங்கள் வீட்டில் பொங்கும். எங்களுக்கு முன்னால் இருந்த மேன்ஹோல் மூடி ஓரமாகக் கசிந்து தெருவில் ஓடியது. ஓடி எங்கே போகும்? ஒவ்வொரு வாசலிலும்தான் குழாய்ப் பள்ளம் இருக்கிறதே. புதுக் குழாயிலும் அழுத்தம் வரவில்லை என்பதால் யாரும் பள்ளத்தை மூடியிருக்கவில்லை. அதில் போய் நிறைந்தது. தண்ணீர் விடாத நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும்போது அதற்குள் எது போனதோ. தண்ணீர் வருகிற அன்று முதல் இரண்டு குடம் நாறும்.

நான் காய்ச்சித்தான் வைத்தேன். ஆனால் விடிவதற்கு முன்னால் கிளம்புகிற மனிதர் பாதித் தூக்கத்தில் எந்தக் குடத்தில் மொண்டு குடித்தாரோ. கார்த்திகைக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. முதலில் போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்திருக்கிறார். பதினான்கு பெண்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டியிருக்கிறார். வண்டியில் இருந்தவர்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். கை, கால் குச்சியாகிவிட்டது. தெருவில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர்.

ஆபீசுக்குப் போனோம். நானும் அக்காவும். ஒரு தடவை இல்லை. என் கடையில் முதலாளியம்மா முகம் சுளிக்கிற அளவுக்கு லீவு போட்டுப் போனேன். எங்கள் பகுதியைப் பார்க்கிற இன்ஜினியர் இளம் வயதுக்காரர். நாற்காலியைத் திருப்பாமலே பேசுவார்.

"துணி, நாப்கின் எல்லாத்தையும் உள்ள போடுறீங்க. அப்புறம் அடைச்சுக்கிட்டா நாங்க என்ன பண்றது? பொம்பளைங்களுக்குத்தான் முதல்ல சொல்லிக் குடுக்கணும்."

"நாங்க போடலை சார்" என்றேன்.

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

"கீழ்க்கோடியில பாறைக்கு மேல குழாயத் தூக்கிப் போட்டிருக்காங்கய்யா. நான் என் கண்ணால பாத்தேன்" என்றார் அக்கா.

அவர் அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். கையில் சிமெண்ட் கறை, காலில் ரப்பர் செருப்பு. "நீங்க இன்ஜினியரிங் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்தார். அக்கா திரும்பி வெளியே வந்துவிட்டார்.

குடிக்கிற தண்ணீரைச் சோதித்துவிட்டோம், நல்ல தண்ணீர் என்று ஒரு தாள் காட்டினார்கள். எங்கே எடுத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டேன். மேல்நிலைத் தொட்டியில் எடுத்தார்களாம். நாங்கள் தொட்டிமேல் ஏறியா குடிக்கிறோம்? எங்கள் வாசல் குழாயில் பிடித்துப் பாருங்கள் என்றதற்கு, அது திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

உறிஞ்சுகிற லாரி வாரத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் மேன்ஹோலை இழுத்துவிட்டுப் போகும். மறுநாளே நிறைந்துவிடும். தை மாதத்தில் ஒருநாள் லாரியோடு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த ஆள், நாற்பது வயது இருக்கும். சட்டையைக் கழற்றி எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினார். இடுப்பில் ஒரு கயிறு. கையில் ஒரு கம்பி. வேறு எதுவும் இல்லை.

"எதுக்கு அந்த அண்ணன் சட்டையக் கழட்டுறாரு?" என்று கேட்டேன்.

"உள்ள எறங்கிக் குத்தி விடப் போறாரு. இன்னியோட உங்க பிரச்சனை தீந்துச்சு" என்றார் சூப்பர்வைசர்.

அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. நேராக வந்து மேன்ஹோல் பக்கத்தில் நின்றார். "ஆள எறக்கக் கூடாது."

"ஏம்மா, நாத்தம் தாங்கலைன்னு நீங்கதான தெனம் ஆபீசுக்கு வர்றீங்க?"

"நாத்தம் எங்க வீட்டுக்குள்ள. அதுக்கு இன்னொருத்தன் வீட்டுல எழவு விழணுமா? மூடுங்க மூடிய."

உள்ளே இறங்கி விஷக்காற்று அடித்துச் செத்தவர்களைப் பற்றி நாங்கள் எல்லாரும் டிவியில் பார்த்திருக்கிறோம். மனிதரை இறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது அந்தச் சூப்பர்வைசருக்கும் தெரியும். அதனால்தான் பகல் பதினொரு மணிக்கு, தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தார். நானும் போய் அக்காவோடு நின்றேன். மஞ்சள் காமாலையோடு படுத்துக்கிடந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "எறக்கினா போட்டோ எடுத்துப் போடுவேன்" என்றார். அவருக்கு நிற்கவே முடியவில்லை.

அந்த ஆள் எங்களையும் சூப்பர்வைசரையும் மாறிமாறிப் பார்த்தார். "எறங்கலைன்னா நாளைக்கு என்னையக் கூப்பிட மாட்டாங்கக்கா" என்றார் மெதுவாக.

அக்கா, தன்னோடு கட்டட வேலைக்கு வருகிறாரா என்று அவரைக் கேட்டார். மறுநாளிலிருந்து வந்தார். ஒரு மாதம்போல வந்தார், பிறகு எங்கோ போய்விட்டார். ஆனால் அன்று அவர் தாகம் என்று கேட்டபோது, என் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொடுக்கக் கூசி, கடைக்கு ஓடிப் பாட்டில் வாங்கிவந்து கொடுத்தேன்.

"அப்ப அந்த நாத்தத்துலயே கெடங்க" என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் வண்டி ஏறினார். அதிலிருந்து மூன்று வாரம் லாரியை அனுப்பவில்லை. தண்டனை! ஒரு மனிதரைச் சாக விடாததற்குத் தண்டனை. வீட்டுக்கு வீடு கக்கூசைப் பலகை போட்டு மூடிக் கல்லை ஏற்றி வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த கட்டணக் கழிப்பிடத்துக்குத் தெருவே நடந்தது. நானும்தான்.

லாரி மறுபடியும் வந்து இழுத்துவிட்டுப் போன ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் சுருட்டிய பிளாஸ்டிக் டியூப்பு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப்பு அது. கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. அம்புட்டுப் பேரும் இருப்பாக. நீ உன் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்க தாயி" என்றார். "படிச்சவுக கிட்டக் கேட்டாச்சு. இனி தண்ணிக்கிட்டயே கேட்டுருவோம்."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தொடங்கினோம். தெருவின் மேல்கோடி வீட்டுச் சுவரில் அக்கா சாக்பீசால் ஒரு கோடு போட்டார். டியூப்பின் ஒரு முனையை அங்கே ஒரு பெண் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு அடுத்த சுவருக்குப் போய் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு. அங்கிருந்து அடுத்த சுவர். இப்படியே தெருவின் கடைசிவரை. தெரு சரிந்து இறங்க இறங்க, கோடு மட்டும் மாறாமல் நின்று சுவரில் மேலே மேலே போனது. கடைசி வீட்டில் கோடு அக்காவின் தோள் உயரத்துக்கு வந்திருந்தது.

பிறகு ஆறு மேன்ஹோலையும் கடப்பாரை போட்டுத் திறந்தோம். மூடியைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் விலகி நின்றோம். கோட்டு உயரத்துக்கு ஒரு நூலை நீட்டிப் பிடித்து, நீள மூங்கிலைக் குழாயின் அடிவரை விட்டு, நூல் தொடுகிற இடத்தில் அக்கா விரலால் அழுத்திக்கொண்டு வெளியே எடுப்பார். நான் ஜாக்கெட் அளவெடுக்கிற டேப்பை மூங்கிலில் வைத்து அளப்பேன். அளவு நோட்டில், யாரோ ஒருத்தியின் தோள், கை, மார்புச் சுற்றளவுக்குக் கீழே எழுதினேன். முதல் மேன்ஹோல் எழுபத்தாறு இஞ்சு. இரண்டாவது எண்பத்தொன்று. மூன்றாவது, எங்கள் வீட்டுக்கு முன்னால் இருப்பது, எண்பத்தாறு. சரியாக இறங்கிக்கொண்டே வருகிறது. நான்காவது எண்பத்துமூன்று.

"மறுபடி அள" என்றார் அக்கா. அளந்தேன். எண்பத்துமூன்றுதான். ஐந்தாவது, பாறை இருந்த இடம், எழுபத்தொன்பது. அதைத் தாண்டி ஆறாவதில்தான் மறுபடி இறங்கியிருந்தது.

சுற்றி நின்ற பெண்கள் என் நோட்டை எட்டிப் பார்த்தார்கள். தோட்டத்தில் மேட்டிலும் சரிவிலும் காலத்தைக் கழித்த பெண்கள் அவர்கள். ஓடைத் தண்ணீரைச் செடிக்குத் திருப்பி விடுகிறவர்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்திதான் முதலில், "ஏழு இஞ்சு தூக்கிருக்கு. அப்ப நம்மளப் போயித் துணி போட்டோம்னு சொன்னானுவளா?" என்று கேட்டாள். அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது.

அளவை எல்லாம் ஒரு தாளில் படமாக வரைந்து ஐம்பது வீட்டுக் கையெழுத்தோடு கொண்டுபோனோம். இன்ஜினியர் அதைப் பார்த்துவிட்டு, "ஜாக்கெட் டேப்பும் டியூப்பும் வச்சு அளந்தீங்களா?" என்றார்.

அக்கா இந்தத் தடவை வெளியே போகவில்லை. "ஆமாய்யா. நான் கட்டுன வீட்டுல நீங்க குடியிருக்கலாம், நான் வச்ச மட்டம் மட்டும் தப்பா? உங்க மெஷினக் கொண்டாந்து வச்சுப் பாருங்க. எங்க கணக்குல அரை இஞ்சு தப்பா இருந்தாலும் நான் இந்தப் பக்கமே வரல."

அவர் தாளை வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மாவட்டத் தலைமையிடத்துக்கு மனு நீதி நாளில் போனோம். வரிசையில் நின்று கொடுத்தோம். பங்குனியும் போனது. மூன்றாவது மனுவுக்குப் பிறகு பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. வழக்கம்போல வேலைநாளில், பதினொரு மணிக்கு. ஆனால் இந்தத் தடவை எந்த வீடும் பூட்டியிருக்கவில்லை. அன்று காலை ஜீப்பு வந்து நின்றபோது எங்கள் தெருவில் ஒருத்திகூட ஏறவில்லை. தோட்டத்திலிருந்து கங்காணி போன் போட்டுக் கத்தியிருக்கிறார். கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதிகாரி கொஞ்சம் வயதானவர். முக்காலி போட்டுக் கருவியை நிறுத்தி, ஆறு மேன்ஹோலிலும் அளவுகோலை இறக்கச் சொன்னார். ஒருவர் எண் சொல்ல இன்னொருவர் எழுதினார். நாங்கள் சுவரோரம் நின்றோம். ஐந்தாவதில் எண் சொன்னதும் எழுதியவர் தலைநிமிர்ந்து பார்த்தார். அதிகாரி மறுபடியும் ஒரு தடவை தானே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"எங்கே அந்தத் தாள்?" என்று கேட்டார். என் கையில் இருந்த நகலைக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த அந்த இளம் இன்ஜினியரிடம், "இது எப்படி?" என்றார்.

"பாறை இருந்துச்சு சார். டைம் இல்ல. திறப்பு விழாவுக்குத் தேதி குடுத்துட்டாங்க."

இவ்வளவுதான். எங்கள் முன்னாலேயே சொன்னார். துணி போடுகிறார்கள் என்று ஐந்தாறு மாதம் எங்களை ஏசிய அதே வாயால், வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். அவருக்குப் பாறை முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது! என் வீட்டுக்காரர், எலும்பும் தோலுமாக, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "ஒங்களுக்கு டைம் இல்ல. எனக்கு ஈரல் போச்சு" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வைகாசியில் ரோட்டை உடைத்தார்கள். பாறையை உடைக்கிற மெஷின் வந்தது. உடைத்து முடிக்க ஒன்றரை நாள்தான் ஆனது. அந்த ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும். குழாயை இறக்கிப் போடும்போது அக்கா வேலைக்குப் போகாமல் பள்ளத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். அதே மேஸ்திரி ஒவ்வொரு குழாயும் வைத்ததும் தலைநிமிர்ந்து, "சரியாக்கா?" என்று கேட்டார். அக்கா இரண்டு இடத்தில் மறுபடி எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தார்கள்.

வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். தெருவின் சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அக்கா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பொதுமக்களின் முறையற்ற பயன்பாட்டால் ஏற்பட்ட அடைப்பு நீக்கப்பட்டு, பணி மக்களின் முழுத் திருப்தியுடன் முடிக்கப்பட்டது என்று இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அக்கா கையை நீட்டித் தாளை வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

"முறையற்றதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். "அத அடி. பாறைக்கு மேல மட்டம் தப்பாப் போட்ட குழாயின்னு எழுது."

"அதெல்லாம் திருத்தக் கூடாதும்மா" என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப கையெழுத்து இல்ல."

அவர் போன் போட்டார், ஒதுங்கிப் போய்ப் பேசினார், திரும்பி வந்தார், மறுபடியும் கெஞ்சினார். அக்கா அசையவில்லை. கையெழுத்தில்லாத தாளோடு போனார். வேறு யாரிடம் வாங்கிக்கொண்டார்களோ தெரியாது. ஏதாவது ஒரு பூட்டிய வீட்டின் பெயரில் ஆட்சேபணை இல்லை என்று போட்டிருப்பார்கள். இன்ஜினியர் பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது சாக்கடை போகிறது. போன மழைக்கு எங்கள் வீட்டுக்குள் எதுவும் வரவில்லை. குடிதண்ணீர் இன்னும் ஐந்து நாளைக்கு ஒரு தடவைதான், பதினொரு மணிக்குத்தான். அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் பாதி நாள்தான் ஜீப்பு எடுக்கிறார், ஏற்றத்தில் சீக்கிரம் களைத்துவிடுகிறார். நாத்தனார் தன் பையனைக் கூட்டிக்கொண்டு தீபாவளிக்கு வந்தாள். நடக்கிறான். அன்று லேசாகத் தூறல் போட்டது. நான் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு இரண்டு தடவை எழுந்துபோய் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். நாத்தனார் அதைக் கவனித்தாள். பையனைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.